உழைச்செல்வாள்

திருக்குறளில் ‘மருந்து’ என்பது 95-ஆம் அதிகாரம். அதன் இறுதிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுகிறது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை உடனிருந்து கொடுப்பவன் என்பன அந்நான்கு. நான்காமவனுக்கு வள்ளுவர் இட்ட பெயர் ‘உழைச்செல்வான்’. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே நின்று வேண்டுவன செய்பவன் என்பது அதன் பொருள். வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையும் மருத்துவன், மருந்து, பணிவிடை செய்பவன், நோயாளி என நான்கையே மருத்துவத்தின் கால்களாகக் கூறும். நோய் தீர்ப்பதில் மருத்துவனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க இடத்தைப் பணிவிடை செய்பவனுக்கும் நம் முன்னோர் அளித்திருந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கதாகும்.

இக்குறளைப் பற்றி 2007-ஆம் ஆண்டு திசம்பர் மாதம், தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் தமிழன்பர்கள் கூடிய ஓர் அவையில் முக்கால் மணி நேரம் உரையாற்றினேன். மைய அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழித்த எனக்கு, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தமிழ் பேசக் கிடைத்த வாய்ப்பே வாழ்வின் சுவையாக இருந்தது. அன்று என்னை அவைக்கு அறிமுகப்படுத்திய நண்பர், “பக்கவாதத்தால் படுக்கையில் கிடக்கும் அன்னையை ஆறு ஆண்டுகளாகக் கண்ணின் மணிபோல் காத்துவரும் இக்காலச் சிரவணன் இவர்” என்று புகழ்ந்தார். அவை கைதட்டியது. உரை முடிந்ததும் கம்பளிச் சால்வை ஒன்றை என் தோளில் போர்த்தினர்.

இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பினேன். என் மனைவி அன்னையின் கட்டிலருகே தரையில் அமர்ந்து, பழைய வேட்டிகளைச் சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்துக்கொண்டிருந்தாள். சால்வையைக் காட்டினேன். தொட்டுப் பார்த்தாள். “நல்ல கம்பளிங்க. அத்தைக்குக் கால் சில்லுன்னு இருக்கு” என்று சொல்லி, அதை வாங்கி அன்னையின் கால்களைச் சுற்றிப் போர்த்திவிட்டாள். பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். எதைப் பற்றிப் பேசினேன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உழைச்செல்வானின் பெருமையைப் பேசிவிட்டு வந்தவன், அந்த அறையில் உழைச்செல்பவர் யார் என்பதை அன்று எண்ணிப் பார்க்கவில்லை. அந்த எண்ணாமையைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் மன்னார்குடிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து 1975-ஆம் ஆண்டு பணி நிமித்தம் தில்லிக்கு வந்தவன். 1979-இல் எங்கள் திருமணம் நடந்தது. என் மனைவி கணிதத்தில் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்றவள். பிள்ளைகள் இருவரும் பள்ளி செல்லத் தொடங்கியபின், 1988-இல் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தாள். விடைத்தாள் கட்டுகளைச் சுமந்துகொண்டு பேருந்திலிருந்து இறங்கி வரும் அவள் முகத்தில் களைப்போடு ஒரு பெருமிதமும் இருக்கும். தந்தையார் மறைந்தபின், 1999-இல் அன்னையை எங்களோடு அழைத்து வந்தோம். தமிழ்நாடு விரைவு வண்டியில் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம் செய்து வந்த அன்னை, அரசுக் குடியிருப்பின் இரண்டு அறைகளுக்குள் தம்மைச் சுருக்கிக்கொண்டார். மருமகளை அவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி ‘ஆயி’ என்றே அழைப்பார்.

2001 திசம்பரில் ஒருநாள் விடியற்காலை, குளியலறை வாயிலில் அன்னை விழுந்து கிடந்தார். மூளையின் இடப்பாகத்துக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டதால் உடலின் வலப்பாகம் செயலிழந்தது. பேச்சை ஆளும் பகுதி பெரும்பாலோர்க்கு மூளையின் இடப்பக்கத்தில் அமைந்திருப்பது. ஆகவே பேச்சும் போயிற்று. பிறர் சொல்வதை அறிந்துகொண்டார். தாம் நினைப்பதைச் சொல்ல அவரால் இயலவில்லை. ஒரே ஒரு சொல் மட்டும் நாவில் எஞ்சியது. அது ‘ஆயி’. தண்ணீர் வேண்டுமென்றாலும் ஆயி, வலித்தாலும் ஆயி, விளக்கை அணைக்க வேண்டுமென்றாலும் ஆயி. என்னைக் கண்டாலும் ஆயி என்றே அழைத்தார்.

21 நாள்களுக்குப் பின் மருத்துவமனையிலிருந்து அனுப்பியபோது, செய்யவேண்டியவற்றை மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் படுக்கைப்புண் வரும். சாய்த்து உட்காரவைத்தே உணவூட்ட வேண்டும். இல்லையேல் புரையேறி, உணவு நுரையீரலுக்குள் சென்று காய்ச்சல் உண்டாகும். செயலிழந்த கையையும் காலையும் நாள்தோறும் மடக்கி நீட்ட வேண்டும். இல்லையேல் மூட்டுகள் இறுகிவிடும். அத்தாளை அவர் என்னிடம்தான் கொடுத்தார். நான் அதை என் மனைவியிடம் கொடுத்தேன். அவ்வளவே என் பங்கு.

வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருந்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. அந்த ஒருவர் யார் என்னும் வினா எங்கள் இல்லத்தில் எழவேயில்லை. வினா எழாமலே விடை கிடைத்துவிட்டது. நான் அலுவலகத்தில் நிர்வாகப் பிரிவைச் சேர்ந்தவன். ஓய்வூதிய விதிகள் எனக்கு மனப்பாடம். பணியிலிருந்து தாமாக விலகுவோர்க்கு அதுவரை ஆற்றிய பணிக்காலம் ஓய்வூதியக் கணக்கில் சேராது. 20 ஆண்டுகள் நிறைந்திருந்தால் விருப்ப ஓய்வு பெற்று ஓய்வூதியமும் பெறலாம். அவளுக்கு நிறைந்திருந்தவை 14 ஆண்டுகள். இவற்றையெல்லாம் அறிந்திருந்தும், 2002 ஏப்பிரலில் அவளுடைய விலகல் கடிதத்தை நானே வரைந்து கொடுத்தேன். ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று அலுவலக நடையில் எழுதினேன். அவள் இருமுறை படித்துவிட்டு, “எல்லாம் சரியாத்தாங்க இருக்கு” என்று மட்டும் சொல்லிக் கையெழுத்திட்டாள். அப்போது என் கணக்கில் ஈட்டிய விடுப்பு 200 நாள்களுக்கு மேல் இருந்தது. அதை எடுத்தால் என்ன என்ற எண்ணம் எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும், தாய்க்குப் பணிவிடை செய்ய ஆண்மகன் விடுப்பு எடுப்பதா என்று அலுவலகம் நகைக்குமே என அஞ்சியிருப்பேன்.

அதன்பின் பத்தாண்டுகள் எங்கள் வீட்டுக் கடிகாரம் அன்னையின் கட்டிலைச் சுற்றியே ஓடியது. எங்கள் குடியிருப்பில் குழாயில் தண்ணீர் காலையிலும் மாலையிலும் சில மணி நேரமே வரும். அதற்குள் இரவில் நனைந்த விரிப்புகளைத் துவைத்தாக வேண்டும். ஆகவே அவள் எழுவது நான்கு மணிக்கு. வெந்நீரில் துணியை நனைத்து அன்னையின் உடலை ஒற்றித் துடைத்து, முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பாள். சிவப்புதான் முதல் எச்சரிக்கை. அதைத் தவறவிட்டால் அடுத்து வருவது புண். பின் பல் துலக்குதல், கஞ்சி, மாத்திரை. ஒரு கிண்ணம் கஞ்சி உள்ளே செல்ல முக்கால் மணி நேரம் ஆகும். சனவரி மாதத்து மூடுபனியில் துவைத்த துணி மூன்று நாளாயினும் ஈரமாகவே கிடக்கும். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்துவாள். மே, சூன் மாதங்களில் ‘லூ’ என்னும் அனல்காற்று வீசும்போது மின்சாரம் நின்றால் கூலரும் நின்றுவிடும். கைவிசிறியோடு கட்டிலருகே அமர்ந்துவிடுவாள். இரவில் அவள் படுத்ததும் அக்கட்டிலருகே தரையில்தான். பத்தாண்டுகளில் அன்னைக்குப் படுக்கைப்புண் வந்தது ஒரே ஒருமுறை. அதுவும் அவள் காய்ச்சலில் கிடந்த ஐந்து நாள்களில், என் பொறுப்பில் இருந்தபோது.

இத்தனைக்கும் அவள் சலித்ததேயில்லை என்று நான் எழுதினால் அது பொய்யாகும். சில இரவுகளில் அன்னை பத்தாம் முறையாக ‘ஆயி’ என்று அழைக்கும்போது, அவள் சமையலறைக்குச் சென்று கதவைச் சாத்திக்கொண்டு சிறிது நேரம் நிற்பாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வருவாள். தன் தந்தை இறந்தபோது ஊருக்குச் சென்றவள் நான்காம் நாளே திரும்பிவிட்டாள். அவளைத் தெய்வமாக்கிப் பேசுவது எனக்கு எளிது. தெய்வத்துக்கு முதுகு வலிக்காது, தூக்கம் தேவையில்லை, ஓய்வூதியமும் தேவையில்லை அன்றோ!

மேல்மாடியில் ஒரு பஞ்சாபிக் குடும்பம் இருந்தது. அவ்வீட்டு மகன் மூளை முடக்குவாதத்துடன் பிறந்தவன். அப்போது அவனுக்கு வயது 15 இருக்கும். தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையைக் குழந்தைபோல் தூக்கிக் குளிப்பாட்டுவாள் அத்தாய். அவளுக்குத் தமிழ் தெரியாது; என் மனைவிக்கு வந்தது கடைத்தெரு இந்தி. ஆயினும் இருவருக்குமிடையே ஓர் உடன்படிக்கை இருந்தது. ஒருத்தி பால் சாவடிக்கோ மருந்துக்கடைக்கோ செல்லும்போது, மற்றொருத்தி இரண்டு வீடுகளுக்கும் காவல். அந்த அரைமணி நேரமே அவ்விருவருக்கும் கிடைத்த விடுப்பு. ஒருநாள் அப்பெண்மணி, “உன் மாமியார் ஒருநாள் நிம்மதியாகக் கண்மூடுவார். நான் கண்மூடினால் இவனை யார் தூக்குவார்கள்?” என்று கேட்டு அழுதாளாம். முதியோரைப் பேணுவதற்கும் மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையைப் பேணுவதற்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வினாவிலேயே எனக்கு விளங்கியது. முன்னதில் துயரம் உண்டு. பின்னதிலோ தான் இறக்கவும் அஞ்சவேண்டிய நிலை உண்டு.

நம் புராண மரபில் இத்தகைய பெண்களுக்குப் புகழ் குறைவில்லை. தொழுநோயுற்ற கணவரைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்தவள் நளாயினி என்று கேட்டுக் கைகூப்புகிறோம். அக்கூடையைச் சற்று நேரம் வாங்கிச் சுமந்தவர் எவரேனும் உண்டா என்று நாம் கேட்பதில்லை. சிரவணன் பார்வையற்ற பெற்றோரைக் காவடியில் சுமந்தான். மகன் சுமந்ததால் அது காவியத்தில் இடம்பெற்றது. மருமகள்கள் நாள்தோறும் சுமப்பது எந்தக் காவியத்திலும் ஏறுவதில்லை. போற்றுதல் வேறு, பங்கிட்டுக்கொள்ளுதல் வேறு. போற்றிவிட்டால் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதில்லை என்று நாம் எண்ணிவிடுகிறோமோ என்னும் ஐயம் எனக்கு உண்டு.

2011 பிப்பிரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக ஓர் இளைஞர் எங்கள் வீட்டுக்கு வந்தார். குடும்பத் தலைவன் என்ற முறையில் நானே விடையளித்தேன். அன்னையின் உடற்குறை பற்றி அவர் கேட்டார்; சொன்னேன்; குறித்துக்கொண்டார். பிறகு மனைவியைப் பற்றிக் கேட்டார். “கடந்த ஓராண்டில் இவர் ஏதேனும் வேலை செய்தாரா?” என்றார். “வேலை ஏதும் இல்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்” என்றேன். அவர் வேலை செய்யாதோர் வரிசையில் வீட்டுக் கடமைகள் என்னும் பிரிவில் குறித்துக்கொண்டார். அவ்வரிசையில் மாணவர், பிறரைச் சார்ந்திருப்போர், ஓய்வூதியர், வாடகை வருவாயில் வாழ்வோர், இரவலர் ஆகியோரும் உண்டு. நான் அவ்விடையைச் சொன்ன அதே நேரத்தில், உள்ளறையில் அவள் அன்னையைப் புரட்டிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் கிறீச்சொலி எங்கள் இருவர் காதிலும் விழுந்தது. படுக்கையில் இருப்பவரைப் பற்றிப் படிவத்தில் வினா இருந்தது. அவரைப் பேணுபவர் யார் என்ற வினா அதில் இல்லை. படிவத்தை மட்டும் குறைகூறி நான் தப்பிக்க இயலாது. ‘சும்மா’ என்பது படிவத்தின் சொல்லன்று, என் சொல்.

இவ்வாறு கணக்கிடுவது தகாது என்று அதற்கு முந்தைய ஆண்டே உச்ச நீதிமன்றம் கூறியிருந்ததைப் பிற்பாடு அறிந்தேன். சாலை விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கு இழப்பீடு கோரிய வழக்கில், 2010 சூலையில் அளித்த தீர்ப்பில், வீட்டுப் பணி புரியும் பெண்களை இரவலரோடும் சிறைக்கைதிகளோடும் ஒரே வகையில் வைத்து எண்ணிய 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முறையை நீதிமன்றம் கடிந்துரைத்தது. 2021 சனவரியிலும், தில்லியில் நிகழ்ந்த ஒரு விபத்து வழக்கில், இல்லத்தரசியின் உழைப்புக்குப் பொருளியல் மதிப்பு உண்டு என்பதை வலியுறுத்தியது. இவை வரவேற்கத்தக்க தீர்ப்புகளே. ஆயினும் ஒன்றை நோக்குக: இரண்டும் விபத்தில் இறந்துபோன பெண்களைப் பற்றியவை. உயிரோடிருக்கும்போது விலை காணாத உழைப்புக்கு, இறந்தபின் இழப்பீடு கணக்கிடும்போதுதான் விலை காண்கிறோம்.

சட்டத்தின் சொற்களையும் பார்க்கவேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. அது ‘பிள்ளைகள்’ என்னும் சொல்லால் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரைக் குறித்தது. மருமகளை அதில் காணோம். கடமை மகனுக்கு என்றது சட்டம்; மகனோ அக்கடமையை மனைவியின் கைகளால் செய்தான்; புகழை மட்டும் தானே பெற்றுக்கொண்டான். நான் பெற்ற சால்வை அதற்குச் சான்று.

இனி எண்களைக் காண்போம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் தம் குடும்பத்தாரைப் பேணும் பணியில் ஈடுபட்டனர், ஆண்களில் 21.4 விழுக்காட்டினரே ஈடுபட்டனர். அப்பணியில் ஈடுபட்ட பெண்கள் நாள்தோறும் 140 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்கள் 74 நிமிடங்கள். சமையல், துவைத்தல் முதலிய ஊதியமில்லா வீட்டுப் பணிகள் இதனினும் வேறு. இவ்வெண்களில் குழந்தை வளர்ப்பும் அடங்கும். இவை சராசரிகள் என்பதையும் மறத்தலாகாது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டவேண்டிய ஒருவரைப் பேணுபவளுக்கு 140 நிமிடம் என்பது விடியுமுன்னரே தீர்ந்துவிடும்.

அன்னை 2012 மார்ச்சில் மறைந்தார். இறுதி நாள்களில் அச்சொல்லும் போய்விட்டது. கண்கள் மட்டும் என் மனைவி நடக்கும் திசையிலேயே திரும்பின. துயரம் விசாரிக்க வந்தவர்கள் என் கைகளைப் பற்றிக்கொண்டு, “பிள்ளை என்றால் உங்களைப்போல் இருக்கவேண்டும்” என்றனர். என் மனைவியிடம், “இனிமேலாவது கொஞ்சம் ஓய்வு எடுங்கள்” என்றனர். அவளுக்கோ ஓய்வு எடுக்கத் தெரியவில்லை. பல மாதங்கள் வரை இரவில் இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து உட்கார்ந்தாள்.

2013-இல் நான் ஓய்வு பெற்றேன். மைய அரசு ஊழியர் தாம் எடுக்காமல் சேர்த்துவைத்த ஈட்டிய விடுப்பில் 300 நாள்கள் வரை ஓய்வின்போது பணமாகப் பெறலாம். எனக்கு முழு 300 நாள்களும் இருந்தன. அத்தொகை துவாரகைப் பகுதியில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு முன்பணமாயிற்று. ஒரு நாளேனும் வீணாக்காமல் விடுப்பைச் சேர்த்த என் சிக்கனத்தை நண்பர்கள் பாராட்டினர். அந்த 300 நாள்களும் யாருடையவை? தாய் படுக்கையில் கிடந்த பத்தாண்டுகளில் மகன் விடுப்பு எடுக்காமலிருக்க முடிந்தது எதனால்? ஒருத்தி தன் பணியையும் ஓய்வூதியத்தையும் விட்டதனால். அவள் இழந்த நாள்களே என் கணக்கில் பணமாக மாறின. என் விடுப்பைச் சான்றளித்த ஏட்டில் அவள் பெயர் இல்லை.

இவையெல்லாம் நானாக உணர்ந்தவை அல்ல. 2016-இல் என் மனைவிக்கு முதுகெலும்பின் வட்டு விலகி அறுவை செய்ய நேர்ந்தது. படத்தைப் பார்த்த மருத்துவர், “பல ஆண்டுகள் பளு தூக்கும் வேலை செய்தீர்களா?” என்று அவளைக் கேட்டார். அவள், “இல்லீங்க, வீட்லதான் இருந்தேன்” என்றாள். ஐந்தாண்டுகளுக்கு முன் கணக்கெடுப்பாளரிடம் நான் சொன்ன விடையை அவள் வாயாலேயே கேட்டேன். அன்றுதான் அச்சொற்கள் எனக்குச் சுட்டன. “தூக்கினாள் ஐயா, பத்தாண்டுகள் தூக்கினாள்” என்று நான் குறுக்கிட்டுச் சொன்னேன்.

அறுவைக்குப் பின் மூன்று மாதம் அவள் படுக்கையில் இருக்க, நான் பக்கத்தில் இருந்தேன். மகன் புனேயில், மகள் கோவையில்; வந்து பார்த்துச் சென்றனர். ஆறாம் நாளே எனக்குச் சினம் வந்தது. காலையில் செய்தித்தாளை விரிக்குமுன் மூன்று முறை எழுந்துவிட்டேன் என்பது ஒரு குறையாகப் பட்டது. இரண்டாம் வாரம் ஒன்றைக் கவனித்தேன். மாலை ஆறு மணிக்குமேல் அவள் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று வற்புறுத்திக் கேட்டபின் சொன்னாள்: “ராத்திரி உங்களை எழுப்பவேண்டியிருக்குமேன்னுதான். அத்தையும் முதல் மாசம் இப்படித்தாங்க செஞ்சாங்க. அப்புறந்தான் நான் அவங்க பக்கத்துலயே படுத்துக்கிட்டேன். எழுப்பறோம்ங்கற நெனப்பு அவங்களுக்கு வரக்கூடாதுல்ல.”

அன்னை தாகத்தை அடக்கியதை நான் அறியேன். பத்தாண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருந்தும் அறியேன். உழைச்செல்வான் என்னும் சொல்லுக்கு நான் அவையில் கூறிய விளக்கம் அனைத்தையும் அந்த ஒரு விடை மிஞ்சிவிட்டது. மருந்து கொடுப்பது மட்டும் அன்று; பிறருக்குச் சுமையாகிவிட்டோம் என்ற எண்ணம் நோயாளிக்கு எழாதவாறு காப்பதும் அப்பணியே. அன்றிரவு நான் படுக்கையை அவள் கட்டிலருகே தரையில் விரித்தேன். அவள் தண்ணீர் குடித்தாள்.

இனிச் செய்யத்தக்கது யாது? அரசு செய்யவேண்டியவை பல உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ பேணுகின்ற பெற்றோரையும் குடும்பத்தாரையும் ‘பராமரிப்பாளர்’ என்று பெயரிட்டு ஏற்றது. மிகுந்த துணை தேவைப்படுவோர்க்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதற்கும் அதில் இடம் உண்டு. கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு இயக்கம் ஊர்தோறும் தொண்டர்களை வீடுகளுக்கு அனுப்பும் முறையாக வளர்ந்தது. 2008-இல் அம்மாநில அரசு அதற்கெனக் கொள்கை வகுத்தது. படுக்கையில் கிடப்போரைப் பேணுபவர்க்கு மாதம் 600 ரூபாய் வழங்கும் ‘ஆசுவாசகிரணம்’ என்னும் திட்டத்தையும் அங்கு ஏற்படுத்தினர். 600 ரூபாய் பெரிய தொகையன்று. ஆனால் நோயாளியின் பெயரில் அன்றி, பேணுபவரின் பெயரில் வருவது அது. பெயர் சொல்லி அழைப்பதே மதிப்பின் தொடக்கம்.

நம்மால் ஆவதும் உண்டு. வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு உற்றார் அருகில் இல்லை. ஊரிலாயின் ஓர் அத்தையோ சித்தியோ இரண்டு நாள் வந்திருந்து தோள் கொடுப்பார். இங்கு அந்த இடத்தை நிரப்பவேண்டியவை நம் சங்கங்களே. சில ஆண்டுகளாக எங்கள் பகுதியில் ஓய்வு பெற்ற நண்பர்கள் நால்வர், படுக்கையில் நோயாளி உள்ள வீடுகளுக்கு முறைவைத்து வாரம் இருமுறை சென்று, இரண்டு மணி நேரம் கட்டிலருகே இருந்துவிட்டு வருகிறோம். பெரிய தொண்டு ஒன்றும் அன்று. நாங்கள் இருக்கும் அவ்விரண்டு மணி நேரத்தில் அவ்வீட்டுப் பெண்மணி கோயிலுக்குச் செல்லலாம், கடைக்குச் செல்லலாம், வெறுமனே தூங்கலாம். பெரும்பாலோர் தூங்குகின்றனர்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-இல் என்று 2025-ஆம் ஆண்டு அரசிதழில் அறிவிக்கப்பட்டது. படிவம் எப்படி இருப்பினும், என் மனைவியைப் பற்றி விடை கூறுகையில் ‘சும்மா’ என்னும் சொல்லை நான் சொல்லமாட்டேன். இம்மலரைப் படிக்கும் அன்பர்களும் தத்தம் வீட்டு வாயிலில் நின்று விடை கூறுமுன் ஒருமுறை உள்ளறையைத் திரும்பிப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

வள்ளுவர் உழைச்செல்வான் என ஆண்பாலில் கூறியதை, இருபாலார்க்கும் பொதுவான இலக்கண வழக்கு என்றே 2007-இல் விளக்கினேன். நம் இல்லங்களில் காண்பதோ உழைச்செல்வாள். ஆயினும் இன்று அச்சொல்லின் ஆண்பால் ஈறு, எங்களைப் போன்ற ஆண்களைக் கட்டிலருகே வருமாறு அழைக்கும் குரலாகவே எனக்குக் கேட்கிறது.

இக்கட்டுரையை எழுதி முடித்து அவளிடம் படித்துக் காட்டினேன். இறுதிவரை பேசாமல் கேட்டாள். பிறகு, “ஆசுபத்திரில 19 நாள்னு எழுதியிருக்கீங்க. 21 நாளுங்க” என்றாள். கணக்கு ஆசிரியை அல்லவா? திருத்திவிட்டேன்.